நர்சு ஒரு சுற்று வந்தால்...

காலை 9 மணி. ஆஸ்பத்திரி வார்டில் ஒரே பரபரப்பு!

படுக்கை விரிப்புகள் இழுத்துச் சரி செய்யப்படுகின்றன. கட்டிலுக்கு அடியில் கிடந்த பை, பாத்திரம் எல்லாம் ஒதுக்கி வைக்கப்படுகின்றன. நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள் வெளியே போய் நிற்கிறார்கள்.

"பெரிய டாக்டர் ரவுண்டு வருகிறார்!"

டாக்டர் வருகிறார். அவருக்குப் பின்னால் சின்ன டாக்டர்கள். ஒவ்வொரு கட்டிலின் முன்பும் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் நிற்கிறார்கள். மருந்து மாற்றப்படுகிறது. சிலர் வீட்டுக்குப் போகலாம் என்று உத்தரவு கிடைக்கிறது.

இந்தச் சுற்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரியில் இன்னொரு சுற்று உண்டு. அதற்கு ஆரவாரம் கிடையாது. யாரும் எழுந்து நிற்பதும் கிடையாது. அது நர்சு வருகிற சுற்று.

டாக்டரின் சுற்று நோயைக் கவனிக்கிறது. நர்சின் சுற்றோ, நோயாளிக்கு நோயைத் தவிர வேறு தீங்கு வந்துவிடாமல் காக்கிறது.

வேறு தீங்கா? ஆஸ்பத்திரியிலா? ஆம். அங்கேதான்!

விழுந்தால் போச்சு

காய்ச்சலுக்காக ஒரு பெரியவர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 75. காய்ச்சல் இறங்கிவிட்டது. இன்னும் இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம்.

இரவு 2 மணி. கழிவறைக்குப் போக வேண்டும் போல் இருக்கிறது. மணியை அழுத்தினால் நர்சு வருவார். ஆனால் பெரியவருக்குக் கூச்சம். "பாவம், அந்தப் பெண் எத்தனை பேரைப் பார்ப்பாள்? நாமே போய் வந்துவிடலாம்" என்று எழுந்திருக்கிறார்.

வீட்டுக் கட்டிலை விட ஆஸ்பத்திரிக் கட்டில் உயரம். வெளிச்சமும் குறைவு. படுத்தே கிடந்ததால் எழுந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்குகிறது; தலை சுற்றுகிறது. தூக்க மாத்திரையின் மயக்கம் வேறு. கையில் குளுக்கோஸ் குழாய்.

பெரியவர் விழுகிறார். இடுப்பு எலும்பு முறிகிறது.

காய்ச்சலுக்கு வந்தவருக்கு இப்போது ஆபரேஷன்! பல வாரம் படுக்கை! அந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால், முன்போல் நடமாட முடியாமல் போகிறவர்கள் பலர். உயிருக்கே ஆபத்தாக முடிவதும் உண்டு.

இது எங்கோ எப்போதோ நடப்பது அல்ல. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் ஓர் ஆண்டில் 7 லட்சம் முதல் 10 லட்சம் பேர் வரை இப்படி விழுகிறார்கள் என்று அந்நாட்டு அரசாங்க நிறுவனம் ஒன்று மதிப்பிட்டிருக்கிறது.

நோயாளி எழுந்திருப்பதற்குக் கால் மணி நேரத்துக்கு முன்பு நர்சு வந்து, "கழிவறைக்குப் போக வேண்டுமா, ஐயா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? அந்தப் பெரியவர் இரண்டு நாளில் வீட்டுக்குப் போயிருப்பார்.

நான்கு கேள்விகள்

இதுதான் "மணிக்கொரு சுற்று" என்ற முறையின் அடிப்படை. நோயாளி கூப்பிட்ட பிறகு ஓடி வருவது அல்ல. கூப்பிடுவதற்கு முன்பே போய்க் கேட்பது.

பகலில் ஒரு மணிக்கு ஒரு முறை. இரவில் இரண்டு மணிக்கு ஒரு முறை. ஒவ்வொரு கட்டிலுக்கும் நர்சு போகிறார். சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வருவது கணக்கில் சேராது. நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, வலி. "வலி எப்படி இருக்கிறது? குறைந்திருக்கிறதா?"

இரண்டாவது, கழிவறை. "போக வேண்டுமா? நான் கூட வருகிறேன்."

மூன்றாவது, படுத்திருக்கும் நிலை. "இப்படிப் படுத்திருப்பது வசதியாக இருக்கிறதா? கொஞ்சம் திரும்பிப் படுக்கலாமா?"

நான்காவது, கைக்கு எட்டும் பொருள்கள். தண்ணீர், மூக்குக் கண்ணாடி, கூப்பிடும் மணி எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கின்றனவா?

கடைசியில் புறப்படும்போது, "வேறு ஏதாவது வேண்டுமா? எனக்கு நேரம் இருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் திரும்பி வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

"எனக்கு நேரம் இருக்கிறது" என்ற வார்த்தையில்தான் மருந்து இருக்கிறது! நர்சு அவசரமாக ஓடினால், நோயாளி வாய் திறக்க மாட்டார். திரும்பி வருவார் என்று தெரிந்தால், தானே எழுந்து போய் ஆபத்தில் சிக்கிக்கொள்ளவும் மாட்டார்.

புண் வரும் வழி

படுத்தே கிடக்கிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து, படுக்கைப் புண்.

நம் உடம்பின் பாரம் சில இடங்களில் அழுத்துகிறது. முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கம், குதிகால் முதலியவை அந்த இடங்கள். அழுத்தம் நீடித்தால் அங்கே ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத தோல் செத்துப் போகிறது. முதலில் சிவப்பாகத் தெரியும். பிறகு தோல் உரியும். கவனிக்காவிட்டால் எலும்பு தெரியும் வரை குழி விழும்!

நாம் தூங்கும்போது நம்மை அறியாமலே புரண்டு படுக்கிறோம். பக்கவாதம் வந்தவருக்கும், நினைவு இழந்தவருக்கும் அது முடியாது. அவருக்குப் பதிலாக இன்னொருவர்தான் புரட்டிவிட வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டுவது ஆஸ்பத்திரிகளின் நீண்ட கால வழக்கம்.

சிவந்த இடத்தை அன்றைக்கே பார்த்துவிட்டால், திருப்பிப் படுக்க வைப்பதே போதும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மாதக் கணக்கில் வைத்தியம் செய்ய வேண்டும்.

அமெரிக்க அரசாங்கம் 2008-ம் ஆண்டு அக்டோபரில் ஓர் அதிரடி செய்தது. முதியோருக்கான அரசாங்க மருத்துவக் காப்புத் திட்டத்தில், ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு உண்டான கடுமையான படுக்கைப் புண்ணுக்கும், அங்கே விழுந்து ஏற்பட்ட காயத்துக்கும் தனியாகப் பணம் தருவதை நிறுத்திவிட்டது. "உங்கள் கவனக் குறைவுக்கு நாங்கள் ஏன் பணம் தர வேண்டும்?" என்பதுதான் அதன் பொருள். அதன் பிறகு, நர்சின் சுற்று ஆஸ்பத்திரி முதலாளிகளுக்கும் முக்கியமாகிவிட்டது!

விளக்கோடு வந்தவர்

சுற்று வருவது புதுமையா? இல்லை.

1854-ம் ஆண்டு. ரஷியாவுடன் கிரிமியா யுத்தம் நடந்துகொண்டிருந்தது. துருக்கியில் ஸ்குட்டாரி என்ற இடத்தில் ஆங்கிலேயப் படையின் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே பிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்ற பெண்மணி 38 நர்சுகளுடன் போய்ச் சேர்ந்தார்.

இரவில் எல்லோரும் உறங்கிய பிறகு, கையில் விளக்குடன் அவர் வார்டுகளைச் சுற்றி வருவார். நீண்ட கூடங்கள், வரிசை வரிசையாகக் காயம் பட்ட சிப்பாய்கள். "விளக்கு ஏந்திய சீமாட்டி" என்று உலகம் அவரைப் போற்றியது. படங்களில் அவர் கையில் அலாவுதீன் விளக்கு போல ஒன்றை வரைவார்கள். உண்மையில் அது மடித்து வைக்கக்கூடிய துருக்கி லாந்தர்.

இதற்கும் முந்திய ஆண்டு நடந்தது பலருக்குத் தெரியாது. 1853-ல் லண்டனில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் நிர்வாகத்தை அவர் ஏற்றுக்கொண்டார். அங்கே நோயாளிகளின் மணிகளில் ஓர் ஏற்பாடு வேண்டும் என்று கேட்டார். மணி அடித்ததும் சின்ன மூடி ஒன்று திறந்து, அப்படியே நிற்க வேண்டும். அதைப் பார்த்தாலே எந்த நோயாளி கூப்பிட்டார் என்று நர்சுக்குத் தெரிந்துவிடும். இன்று ஆஸ்பத்திரிகளில் கட்டிலுக்கு மேலே எரியும் விளக்குக்கு அதுதான் பாட்டி!

மணியையும் கேட்டு வாங்கியவர் அவர். விளக்கோடு சுற்றி வந்தவரும் அவர். மணி இருக்கிறது என்று சுற்றை அவர் விட்டுவிடவில்லை. மணி அடிக்க முடியாத நோயாளியும் வார்டில் இருப்பார் அல்லவா?

அமெரிக்காவில் ஒரு சோதனை

சுற்று வந்தால் பலன் உண்டு என்று வாயால் சொன்னால் போதுமா? கணக்குப் பார்க்க வேண்டாமா?

அமெரிக்காவில் கணக்குப் பார்த்தார்கள். 14 ஆஸ்பத்திரிகள், 27 வார்டுகள். முதல் இரண்டு வாரம் வழக்கம்போல் வேலை நடந்தது. அடுத்த நான்கு வாரம், சில வார்டுகளில் மணிக்கு ஒரு முறை நர்சு சுற்றி வந்தார். சில வார்டுகளில் இரண்டு மணிக்கு ஒரு முறை. மற்ற வார்டுகளில் எந்த மாறுதலும் இல்லை.

முடிவு 2006-ம் ஆண்டு வெளியாயிற்று. மணிக்கு ஒரு முறை சுற்றிய வார்டுகளில் நோயாளிகள் மணி அடிப்பது 100-க்கு 38 பங்கு குறைந்தது. விழுகிறவர்களின் எண்ணிக்கை பாதியாயிற்று! இரண்டு மணிக்கு ஒரு முறை சுற்றியபோதும் மணி அடிப்பது குறைந்தது. ஆனால் விழுவது நிச்சயமாகக் குறைந்தது என்று சொல்ல முடியவில்லை.

நர்சுகளுக்கு முதலில் பயம். "இருக்கிற வேலை போதாதென்று இதுவுமா?" என்பது எங்கும் எழுகிற கேள்விதான். ஆனால் மணி அடிப்பது குறைந்தால், ஓட்டமும் குறைகிறது. ஒரு தடவை போய் நான்கு காரியம் முடித்தால், நான்கு தடவை ஓட வேண்டியதில்லை.

செய்தி பரவிற்று. பல நாட்டு ஆஸ்பத்திரிகள் இதைப் பின்பற்றத் தொடங்கின.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சோதனை நடந்தது சில வாரங்களே. எந்த வார்டில் எந்த முறை என்று சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கவும் இல்லை. ஆஸ்பத்திரிகளே பார்த்து முடிவு செய்தன. ஆகையால் "பாதி" என்ற கணக்கு எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் நடந்த கொடுமை

இங்கிலாந்தில் ஸ்டாபோர்டு என்று ஓர் ஊர். அங்குள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் 2005 முதல் 2009 வரை நடந்தவை பின்னால் அம்பலமாயின. நாடே வெட்கித் தலை குனிந்தது.

தண்ணீர் குவளை இருந்தது. ஆனால் நோயாளியின் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. கழிவறைக்குப் போகத் துணை கேட்டவர்களுக்கு யாரும் வரவில்லை. அசுத்தமான படுக்கையிலேயே கிடந்தவர்கள் உண்டு. நர்சுகளின் எண்ணிக்கையோ குறைக்கப்பட்டிருந்தது.

அரசாங்கம் விசாரணை நடத்தியது. 2013-ம் ஆண்டு பிப்ரவரியில் அறிக்கை வந்தது. அதில் 290 சிபாரிசுகள்! நர்சுகள் ஒழுங்காகச் சுற்றி வந்து, நோயாளிகளிடமும் அவர்களுடைய வீட்டாரிடமும் பேச வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று.

அதற்கு முன்பே, 2012-ம் ஆண்டு ஜனவரியில், அப்போது பிரதம மந்திரியாக இருந்த டேவிட் காமரூன், நர்சுகள் மணிக்கு ஒரு முறை நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்று அறிவித்திருந்தார்.

பிரதம மந்திரியே சொல்லிவிட்டார். விசாரணை அறிக்கையும் சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் ஏறத்தாழ எல்லா அரசாங்க ஆஸ்பத்திரி நிர்வாகங்களும், 100-க்கு 97 பங்கு, ஏதாவது ஒரு விதத்தில் இந்த முறையை ஏற்றுக்கொண்டன.

பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா?

தாளில் ஒரு சுற்று

2019-ம் ஆண்டு லண்டன் கிங்ஸ் காலேஜைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். வார்டுகளில் நேரில் நின்று பார்த்தார்கள். நர்சுகளிடமும் நோயாளிகளிடமும் பேசினார்கள். எதிர்பார்த்த அளவு பலன் இல்லை என்று தெரிந்தது.

ஏன்?

சுற்று வந்ததற்கு அடையாளமாக நர்சு ஒரு தாளில் குறி போட வேண்டும். நாளடைவில் நோயாளியை விடத் தாள் முக்கியமாகிவிட்டது! "நான் வந்து பார்த்தேன்" என்பதற்கு அத்தாட்சி வேண்டுமே என்று குறி போட்டார்கள். நான்கு கேள்விகளும் எப்போதும் கேட்கப்படவில்லை.

நோயாளிகள் என்ன சொன்னார்கள்? நர்சு வந்து அன்பாகப் பேசுவதை அவர்கள் பெரிதும் விரும்பினார்கள். அது அட்டவணைப்படி நடந்ததா, இல்லையா என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டு அல்ல.

கோயிலைச் சுற்றுகிறவர் மனத்தைக் கடைத்தெருவில் விட்டுவிட்டுச் சுற்றினால் என்ன பயன்? கால்தான் வலிக்கும். நர்சின் சுற்றும் அப்படித்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

குற்றம் நர்சின் மேல் மட்டும்தானா? சின்னக் கணக்கு ஒன்று போடுவோம்.

ஒரு நோயாளிக்கு 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நர்சுக்கு 6 நோயாளிகள் இருந்தால் 30 நிமிடம் ஆகும். மீதி அரை மணியில் மருந்து கொடுக்கலாம், கட்டு மாற்றலாம், எழுதலாம்.

8 நோயாளிகள் இருந்தால் 40 நிமிடம். மூச்சு வாங்கும். ஆனாலும் சமாளிக்கலாம்.

12 நோயாளிகள் இருந்தால்? சரியாக 60 நிமிடம்! சுற்றி முடிப்பதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். மருந்து யார் கொடுப்பது? அந்த நர்சு என்ன செய்வார்? வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் தாளில் குறி போடுவார். வேறு வழி?

ஆள் குறைந்தால் எவ்வளவு ஆபத்து என்பதற்கும் கணக்கு உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து, 2002-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். ஆபரேஷன் செய்துகொண்ட 2 லட்சத்து 32 ஆயிரம் பேரைப் பற்றிய கணக்கு அது. ஒரு நர்சின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் நோயாளி இறந்துபோகும் அபாயம் 100-க்கு 7 பங்கு கூடுதலாக இருந்தது. 4 பேரைப் பார்க்கும் நர்சுக்கும் 8 பேரைப் பார்க்கும் நர்சுக்கும் உள்ள வித்தியாசம் 100-க்கு 31 பங்கு!

கலிபோர்னியா மாநிலம் 1999-ம் ஆண்டிலேயே இதற்காகச் சட்டம் செய்தது. 2004-ல் அது அமலுக்கு வந்தது. பொது வார்டில் ஒரு நர்சுக்கு 5 நோயாளிகளுக்கு மேல் கூடாது என்பது 2005-ம் ஆண்டிலிருந்து அங்கே விதி.

ஆளைக் குறைத்துவிட்டு அட்டவணையை மட்டும் சுவரில் ஒட்டினால், அட்டவணையா வந்து நோயாளியைப் பிடித்துக்கொள்ளும்?

கண் பார்ப்பது

சுற்று வரும்போது கேள்வி கேட்பதோடு வேலை முடிவதில்லை. கண்ணும் கையும் வேலை செய்ய வேண்டும்.

நோயாளியின் நிலை திடீரென்று மோசமானது போல் தோன்றும். பெரும்பாலும் அது திடீரென்று நடப்பது அல்ல. பல மணி நேரம் முன்பே உடம்பு ஜாடை காட்டுகிறது. மூச்சு வேகமாகிறது. நாடி துடிப்பு ஏறுகிறது. பேச்சு குழறுகிறது.

இங்கிலாந்தில் 2012-ம் ஆண்டு இதற்காக ஒரு மதிப்பெண் முறை ஏற்படுத்தினார்கள். மூச்சு, ரத்தத்தில் உள்ள பிராணவாயு, ரத்த அழுத்தம், நாடி, நினைவு, உடம்புச் சூடு ஆகிய ஆறையும் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் கூடினால் சந்தோஷம். இங்கே கூடினால் ஆபத்து! கூட்டுத் தொகை 7 அல்லது அதற்கு மேல் வந்தால், உடனே டாக்டர்களை அழைக்க வேண்டும்.

இந்த மதிப்பெண்ணைப் போடுவது யார்? சுற்றி வருகிற நர்சுதான்.

வீட்டார் என்ன செய்யலாம்?

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் வீட்டார் ஒருவர் நோயாளியின் கூடவே இருப்பார். அவரும் இந்தக் காவலில் ஒரு பங்கு ஏற்கலாம்.

நோயாளி இதற்கு முன்பு எங்காவது விழுந்திருந்தால், சேர்க்கும் அன்றைக்கே நர்சிடம் சொல்லிவிடுங்கள்.

மணி, தண்ணீர், மூக்குக் கண்ணாடி மூன்றும் கைக்கு எட்டும்படி வையுங்கள். தூங்கப் போகும் முன் ஒரு முறை பாருங்கள்.

இரவில் நோயாளியைத் தனியாக எழுந்து போக விடாதீர்கள். எழுந்தவுடன் நடக்கவும் விடாதீர்கள். கட்டில் ஓரத்தில் சற்று நேரம் உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்று தெரிந்த பிறகு நடக்கட்டும்.

முதுகிலோ குதிகாலிலோ சிவப்பு தெரிந்தால் உடனே காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ, பேச்சு மாறினாலோ, "நர்சு தானாக வருவார்" என்று காத்திருக்காமல் போய்ச் சொல்லுங்கள். குளுக்கோஸ் குழாயை நீங்களாகத் திருகாதீர்கள்.

நர்சு வந்து போகும்போது, "சிஸ்டர், அடுத்தபடி எப்போது வருவீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நோயாளிக்கும் அது காதில் விழட்டும். யாரோ வருவார் என்ற நம்பிக்கை இருந்தால், அவர் இருட்டில் தனியாக எழுந்திருக்க மாட்டார்.

நடு இரவில் நர்சு வந்து தோளைத் தொட்டு எழுப்பினால் சிலருக்குக் கோபம் வருகிறது. "தூங்க விட மாட்டாளா?" என்று முணுமுணுக்கிறார்கள். கோபப்பட வேண்டாம். அவர் தூக்கத்தைக் கெடுக்க வரவில்லை. நோயாளி பத்திரமாக இருக்கிறாரா என்று பார்க்க வந்திருக்கிறார்.